சிலம்பை உடைத்துப் பார்க்கும் உரிமை

வைகாசித் திங்களன்று முல்லைத்தீவு வற்றாப்பளைக் கோயிலில் நிற்கிற எவருக்கும் கண்ணகி வெளியூர்க்காரி என்ற நினைப்பே வராது. புகாரில் பிறந்தாள், மதுரையில் வழக்காடினாள், பிறகு கடல் கடந்து வந்து இலங்கையில் ஒவ்வொரு இடமாகத் தங்கிப் பத்தாவதாக இங்கே அமர்ந்தாள் என்பது ஊர் சொல்லும் கதை. முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலிருந்து போய் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிறது என்கிறார்கள். பிறகு நந்திக்கடல் கரையில் பொங்கல். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்குகிறது. தூக்குக்காவடி வரும் உழவு இயந்திரங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கிற கிழவிகளிடம் கேட்டுப் பாருங்கள், அம்மன் தங்கள் ஊர்ப் பிள்ளை என்பார்கள்.

இப்படியொரு ஊரை அறிந்தவனுக்கு, வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றை வேண்டாமென்று சொல்ல வாய் வராது. வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து வந்த விரிவுரையாளர்கள் எங்கள் முகாமைத்துவப் பாடங்களை முழுக்க மேற்கத்தேயமாக்கிவிட்டார்கள் என்று யாராவது குறைப்பட்டால், நான் உடனே தலையாட்டுவதில்லை. வந்த பொருள் வந்த இடத்தில் என்ன ஆனது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

வற்றாப்பளைப் பிள்ளையொன்று உயர்தரத்தில் வணிகப் பிரிவெடுத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் தாண்டி வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து மன்னார் வீதியில் பம்பைமடுவில் இறங்கலாம். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதன் வணிகக் கற்கைகள் பீடம் வன்னிப் பெருநிலத்துக்குள் இருக்கும் வணிகக் கல்விக்கூடம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை அங்கே ஆங்கிலத்தில் முகாமைத்துவம் படிக்கத் தொடங்கும். கையில் பிலிப் கொட்லரின் சந்தைப்படுத்தல் புத்தகம் இருக்கும். 1967இல் முதற் பதிப்பு வந்த அந்தப் புத்தகம் இன்றுவரை உலகெங்கும் ஓடுகிறது. அதற்குள் கோப்பிக்கடைச் சங்கிலிகளும் விமானக் கம்பனிகளும் வரும். புதுக்குடியிருப்புச் சந்தை வராது.

இது விரிவுரையாளரின் குற்றமா? இங்கே ஒரு தகுதிகாண் விரிவுரையாளர் நிரந்தரமாக வேண்டுமானால் குறித்த காலத்துக்குள் மேற்பட்டம் எடுத்தாக வேண்டும். உலக வங்கிப் பணத்தில் 2010க்குப் பிறகு வந்த உயர்கல்வித் திட்டங்கள் பலரை வெளியே அனுப்பின. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், மலேசியா என்று போனார்கள். பிணைமுறியில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. திரும்பியவர்கள் குளிரையும் தனிமையையும் தாங்கி, நாலு ஐந்து வருஷம் ஒரே கேள்வியைத் தோண்டிவிட்டு வந்தவர்கள். தரவைக் கையாளும் முறை, எழுதியதைப் பிறர் கிழித்துப் போடுவதைப் பொறுக்கும் மனசு, மாணவர் குறுக்கே பேசினால் கோபப்படாத பழக்கம் என்று சிலவற்றைக் கொண்டு வந்தார்கள். நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதி, அதையே பரீட்சையில் கக்கிய தலைமுறை என்னுடையது. அவர்கள் வகுப்பறையைத் திறந்து காற்று வரவிட்டதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கருவியைக் கொண்டு வருகிறவர், அது எந்தத் தரையில் வேலை செய்ய ஆக்கப்பட்டதோ அந்தத் தரையையும் தெரியாமலே கூடக் கொண்டு வந்துவிடுகிறார். வங்கியில் எல்லோருக்கும் கணக்கு உண்டு, ஒப்பந்தம் மீறினால் நீதிமன்றம் உண்டு, மாதச் சம்பளம் மாதமுடிவில் வரும், விலை ஒட்டிய இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் பாடநூலில் எழுதியிருக்காது. எழுதாமலே அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கிடக்கும்.

இப்படி வெளியிலிருந்து கருவி கொண்டு வருவதை இந்தியா பெரிய அளவில் செய்து பார்த்தது. 1961இல் ஒரே மாத இடைவெளியில் இரண்டு முகாமைத்துவ நிறுவனங்கள் எழும்பின. நவம்பரில் கல்கத்தா, டிசம்பரில் அகமதாபாத். இரண்டுக்கும் ஃபோர்ட் அறக்கட்டளை பணம் கொடுத்தது. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. கை கொடுத்தது, அகமதாபாத்துக்கு ஹார்வர்ட். கல்கத்தா கணிதத்தின் பக்கம் சாய்ந்தது. அகமதாபாத் ஹார்வர்ட்டின் சம்பவ ஆய்வு முறையை எடுத்துக்கொண்டது: ஒரு கம்பனியின் உண்மையான சிக்கலை மாணவர் கையில் கொடுத்து, நீ அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும் முறை. ஆரம்பகால ஆசிரியர்கள் ஹார்வர்ட் போய்ப் பயின்று வந்து, அமெரிக்கக் கம்பனிகளை விட்டு இந்தியத் துணி ஆலைகளைப் பற்றியும் வேளாண்மையைப் பற்றியும் சம்பவங்கள் எழுதினார்கள். முறை அங்கிருந்து வந்தது, சரக்கு இங்கே விளைந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. அந்தச் சம்பவங்களிலும் மாணவர் உட்காரும் நாற்காலி முகாமையாளருடையது. நெசவாளியின் பாயில் உட்கார்ந்து யோசித்துப் பார் என்று எந்தச் சம்பவம் சொன்னது? அகமதாபாத் நிறுவனத்தின் முதல் முழுநேரப் பணிப்பாளர் ரவி மத்தாய்க்கு இது உறுத்தியிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கம்பனி உத்தியோகம் பார்த்தவர், 1965இல் பணிப்பாளரானவர். 1972இல் தானாகவே பதவியை விட்டு இறங்கி, அதே நிறுவனத்தில் சாதாரணப் பேராசிரியராக இருந்தார். நம்மூரில் கதிரையை விட்டு இறங்கியவரைக் காண்பதே அரிது. இறங்கிய பிறகும் அதே கட்டடத்துக்குள் வேலை செய்தவரைக் காண்பது அதைவிட அரிது. பிறகு எழுபதுகளின் நடுவில் ராஜஸ்தானில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போனார். வளம் எதுவுமில்லை என்று அதிகாரிகள் கைவிட்ட இடம் அது. நெசவாளர்களோடும் தோல் வேலை செய்கிறவர்களோடும் இருந்து, அவர்கள் தாங்களே கணக்கு வைக்கவும் விலை பேசவும் சந்தையைத் தேடவும் கற்கும் ஒரு கிராமப் பல்கலைக்கழகத்தை, கட்டடமும் பட்டமும் இல்லாமல், நடத்திப் பார்த்தார். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தினரும் சேர்ந்துகொண்டார்கள். அங்கே தோல் வேலைக்காரர் முகாமைத்துவத்தின் மாணவர், அதே நேரம் பேராசிரியரின் ஆசிரியரும்கூட. மத்தாய் 1984இல் காலமானார். அகமதாபாத்தின் பட்டதாரிகளில் பெரும்பாலானோர் போன பாதை பெரிய கம்பனிகளின் பாதைதான். ஜவாஜா ஒரு கிளைப்பாதையாகவே நின்றுவிட்டது.

இன்னொருவருடைய கதை நேரே வற்றாப்பளை வாசலுக்கு வருகிறது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, அந்த நாட்டிலேயே கற்பித்துவிட்டு, 1972இல் புதிதாகப் பிறந்த பங்களாதேஷுக்குத் திரும்பியவர் முகமது யூனுஸ். சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் அழகான கோட்பாடுகளைக் கற்பித்துக்கொண்டிருந்தார். 1974இல் பஞ்சம் வந்தது. வகுப்பறைக்கு வெளியே சனம் செத்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலிருந்த ஜோப்ரா கிராமத்துக்குப் போய்க் கேட்டார். மூங்கில் முக்காலி பின்னுகிற பெண், மூங்கில் வாங்க வியாபாரியிடம் முற்பணம் எடுத்து, அவன் சொன்ன விலைக்கே முக்காலியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 1976இல் 42 பேருடைய கடனைச் சேர்த்துப் பார்த்தபோது 27 டொலர்தான் வந்தது. அதைத் தன் பையிலிருந்து கொடுத்தார். 1983இல் கிராமின் வங்கி, 2006இல் நோபல் பரிசு. வெளிநாட்டுப் படிப்பு ஒருவரைக் கண் திறக்க விடாது என்று சொல்கிறவர்களுக்கு யூனுஸ் ஒருவரே போதும்.

பிறகுதான் விஷயம். ஜோப்ராவில் கண்டது ஒரு முறையாகி, முறை ஒரு பாடமாகி, பாடம் உலகமெல்லாம் போனது. குழுவாகச் சேர், ஒருவருக்கொருவர் பிணை நில், கிழமைக்குக் கிழமை கட்டு. இந்த மூன்றும் பயணம் செய்தன. அந்த மனுஷன் கிராமத்தில் உட்கார்ந்து கேட்ட பொழுது மட்டும் கூட வரவில்லை. 2009இல் போர் நந்திக்கடல் கரையில் முடிந்து, சனம் முகாம்களிலிருந்து திரும்பி, தகரக் கொட்டிலுக்குள் இருந்து வாழ்வைத் திரும்பக் கட்டத் தொடங்கிய காலத்தில், ஏ9 வீதியால் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வரிசையாக வந்தன. கணவனை இழந்த, கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்கள் குழுக்களாகச் சேர்க்கப்பட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து தவணை வசூலித்த பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தான். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அதையடுத்து வட்டிக்கு 35 விழுக்காடு என்று ஓர் உச்சவரம்பும் வந்தது.

அந்த உச்சவரம்பு எதற்கு என்று புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது எடுகோள்தான். ஒருவர் 50,000 ரூபா கடன் எடுக்கிறார். கிழமைக்கு 1,200 படி 52 கிழமை கட்ட வேண்டும். மொத்தம் 62,400. ‘நூற்றுக்கு இருபத்தைந்துகூட இல்லை அக்கா’ என்று தவணைக்காரத் தம்பி சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் முதற்கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. ஆறு மாதம் கழித்து அக்காவின் கையில் இருப்பது பாதிப் பணம்தான், வட்டியோ முழு ஐம்பதினாயிரத்துக்கும் போகிறது. பல்கலைக்கழகத்தில் ஐ.ஆர்.ஆர். (உள்ளக வருவாய் வீதம்) என்று சொல்லித் தருகிற முறையில் தவணைகளைப் போட்டுப் பார்த்தால், ஆண்டு வட்டி 45 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அந்த ஐ.ஆர்.ஆர். வெளியிலிருந்து வந்த கருவி. இந்த இடத்தில் அதைப் போல வெளிச்சம் தருவது வேறொன்றுமில்லை.

நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவர்களின் பக்கம் வருவோம். வீச்சு வலையோடு தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு பிடிக்கிற இறால், கரையில் ரெஜிபோம் பெட்டியோடு நிற்கும் வியாபாரியிடம் போகும். பருவத் தொடக்கத்தில் வலை வாங்க அவரிடமே முற்பணம் எடுத்திருந்தால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், அவர் குறைத்துப் போடும் விலைக்கு. இதையும் எடுகோளாகவே கணக்கிடுவோம். முற்பணம் 60,000. கிலோவுக்கு 150 ரூபா குறைவு. நாலு மாதத்தில் 200 கிலோ கொடுத்தால் 30,000 ரூபா போய்விட்டது. நாலு மாதத்துக்கே 50 விழுக்காடு, ஆண்டுக்கு 150. முற்பணம் அப்படியே நிற்கிறது. தாளில் பார்த்தால் நுண்கடன் கம்பனியைவிட மும்மடங்கு கொடுமை. ஜோப்ராவின் முக்காலிக்காரி அகப்பட்ட அதே பொறி.

ஆனால் கரையில் போய் நின்று கேட்டால் விடை இவ்வளவு சுலபமாக முடியாது. “தம்பி, இறால் படாட்டி அவன் காசு கேக்கமாட்டான். இவங்கள் மழை பெய்தாலும் வியாழக்கிழமை வந்து நிப்பாங்கள்” என்பது அந்தப் பக்கத்தின் வாதம். பிடி இல்லாத மாதத்தில் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் செத்தவீடென்றால் இன்னும் கொஞ்சம் தருவார். பாடநூல் பேச்சில் சொன்னால் இது பாதி கடன், பாதி பங்கு, நட்டத்தில் வியாபாரிக்கும் ஒரு பங்குண்டு. அதே வியாபாரியின் கையில்தான் தராசு இருக்கிறது. வேறு ஆளுக்கு விற்றால் அடுத்த பருவத்துக்கு முற்பணம் இல்லை. ஊர் முறையென்பதற்காக அதைப் போற்றவும் முடியாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இந்தப் பிடியைத் தளர்த்தவென்றே தோன்றியவை. சங்கம் நன்றாக நடந்த இடத்திலும் படுத்துப்போன இடத்திலும் ஏன் அப்படியானது என்று படிப்பது ஒரு முழுத் தவணைக்குரிய பாடம்.

இந்தப் பாடம் ஏன் பரீட்சைத் தாளுக்குள் வருவதில்லை? ஆசிரியர் எங்கே படித்தார் என்பதில் விடையைத் தேடிப் பயனில்லை. பேராதனையைத் தாண்டிப் போகாதவர்களும் அதே கொட்லரைத்தான் கற்பிக்கிறார்கள், சிலவேளை வெளியே போய் வந்தவரைவிடப் பயபக்தியோடு. விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு வேண்டும். அதற்குச் சர்வதேச அட்டவணையில் உள்ள இதழில் கட்டுரை வேண்டும். எங்கோ இருக்கும் மதிப்பீட்டாளர், முல்லைத்தீவு இறாலால் கோட்பாட்டுக்கு என்ன புது வரவு என்று கேட்பார். பாடத்திட்டத்தை மீளாய்வு செய்ய வருகிறவர்களோ அது மற்றப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நந்திக்கடலில் நிற்கிற மனுஷி, என் கணக்கை நீ சரியாகப் படித்தாயா என்று கேட்கக்கூடிய நாற்காலி அந்த முழு ஒழுங்கிலும் எங்குமே போடப்படவில்லை. போருக்குப் பின்னர் வன்னிக்கு வந்த தொண்டு நிறுவனங்களின் லொக்ஃபிரேம் என்ற திட்டச் சட்டகமும் இதே குடும்பம்தான். 1969இல் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட அந்தச் சட்டகத்தில் பயனாளிக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் பயனாளி அல்லர்.

கண்ணகி கதையை இந்த இடத்தில் திரும்ப யோசிக்கிறேன். முல்லைத்தீவில் கோவலன் கூத்தை விடிய விடிய ஆடிய ஊர்கள் உண்டு. கிழக்கில் கண்ணகி வழக்குரை பாடுகிறார்கள். நாங்கள் அதைக் கற்பின் கதையாகவும் கோபத்தின் கதையாகவும் கேட்டுப் பழகிவிட்டோம். அது ஒரு வணிகக் குடும்பத்தின் கதையும்கூட. முதல் கரைந்து, மிஞ்சிய ஒரு சொத்தான சிலம்பை விற்கப் புது ஊர்ச் சந்தைக்குப் போனவன் கெட்ட கதை. பாண்டியனின் அவையில் முறைக்குக் குறைவில்லை. அரசன் இருந்தான், காவலர் இருந்தார்கள், பொற்கொல்லன் என்ற துறைசார் நிபுணரும் இருந்தான். நிபுணரின் சொல்லை வைத்துத் தீர்ப்பு நடந்தது. மற்றச் சிலம்பு யாரிடம் இருந்ததோ அவளைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. அவள் வந்து, உடைத்துப் பார் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். அவ்வளவு பெரிய அவை ஒரு பரலில் தோற்றது.

வற்றாப்பளைப் பெண்ணின் கையில் இருக்கும் பரல் அவளுடைய தவணைப் புத்தகம். கிழமைக்குக் கிழமை கையெழுத்து விழுந்த, ஓரம் கிழிந்த, வேர்வை பட்ட சிறு புத்தகம். அதை உடைத்துப் பார்க்கும் கருவி பம்பைமடுவில் மூன்றாம் வருடப் பிள்ளையிடம் இருக்கிறது, ஒரு வெளிநாட்டுப் பட்டதாரியிடமிருந்து வந்து. இரண்டும் ஒரே வீட்டுக்குள், சிலவேளை ஒரே விளக்கடியில் இருக்கின்றன. அந்தப் பிள்ளை அந்தக் கருவியால் ஒரு சீமெந்துக் கம்பனியின் முதலீட்டைக் கணக்குப் பார்த்துத் தேர்ச்சி பெறுகிறது, தாயின் புத்தகத்தைத் திறப்பதில்லை. திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எண்ணப்படுகிறவர் எண்ணுகிறவரைச் சரிபார்க்கும் நாளில்தான் ஒரு கல்வி அந்த ஊருக்கு வந்து சேர்கிறது என்று நினைக்கிறேன். அதுவரை அது லண்டனிலிருந்து வந்தாலென்ன, கொழும்பிலிருந்து வந்தாலென்ன, வழியில்தான் நிற்கிறது. மத்தாயும் யூனுஸும் வெளியே படித்ததை மறந்துவிட்டு உள்ளே வந்தவர்களல்லர். படித்ததைக் கொண்டுபோய்த் தோல் வேலைக்காரரின் முன்னும் முக்காலிக்காரியின் முன்னும் வைத்து, பிழையா சரியா சொல்லுங்கள் என்று நின்றவர்கள். யூனுஸின் முறை பிறகு கெட்டது, அப்படி நிற்க வேண்டிய கட்டாயமில்லாத கைகளுக்குப் போன இடங்களில்தான்.

இதற்குப் புதிய பீடமோ பெரிய நிதியோ தேவையென்று எனக்குப் படவில்லை. நிதியியல் பரீட்சைத் தாளில் ஒரு கேள்வி போதும், தொடங்குவதற்கு. வற்றாப்பளைக் குடும்பமொன்றுக்கு இரண்டு வழி இருக்கிறது: கிழமைத் தவணைக் கடன், அல்லது இறால் வியாபாரியின் முற்பணம். நந்திக்கடலின் முகத்துவாரம் திறந்து இறால் நன்றாகப் படும் ஆண்டுக்கும், படாத ஆண்டுக்கும் இரண்டின் உண்மையான செலவையும் கணக்கிடுக. எதை எடுக்கச் சொல்வீர்கள், ஏன்? இந்தக் கேள்விக்குப் புள்ளித்திட்டம் எந்தப் பாடநூலின் பின்பக்கத்திலும் கிடையாது. விடைத்தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன், திருத்துகிறவர் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வட்டுவாகல் பக்கம் போய், கரையில் நிற்கிறவர்களிடம் இறால் விலையையும் தராசையும் பற்றிக் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.